வாங்குபவரின் முகம் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று ஓர் அண்டா சாம்பார் சாதம் கொடுக்க நினைக்கிறவர், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் விண்ணப்பம் எழுத வேண்டும். உணவு பாதுகாப்புத் துறையில் பெயரைப் பதிந்து, நிர்வாகம் ஒதுக்கித் தரும் இடத்தில்தான் அன்னதானம் வழங்கலாம். கிரிவலப் பாதையில் அடுப்பு மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் கூடாது, வாழையிலையோ தொன்னையோ பயன்படுத்த வேண்டும், குப்பையைக் கொடுத்தவரே அள்ள வேண்டும் என்று நிபந்தனைகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வெளியாகின்றன. 14 கிலோமீட்டர் பாதையில் ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும் ஊரில் இவை வேண்டியவையே. ஓர் அண்டா தயிர் சாதம் கெட்டுப்போனால் போதும், மருத்துவமனை வராந்தா நிரம்பிவிடும். ஆக, சோறு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் இந்த ஊருக்குக் குழப்பமே இல்லை. அந்தச் சோற்றை வாங்க நீளும் கையும், கைக்குப் பின்னால் இருக்கும் முகமும் படமெடுக்கப்பட்டு அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பற்றித்தான் எந்த நிபந்தனையிலும் பேச்சு காணோம்.

தீபத் திருநாளில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2024 டிசம்பர் 1 அன்று அப்படித் தெரிந்திருக்காது. முந்தைய நாள் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டித் தீர்க்க, மறுநாள் மாலை மலைச் சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் இறங்கி ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அந்தக் குறுகிய தெருவில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கையிலேயே, குழந்தைகளின் படங்களும் உறவினர்களின் கதறலும் கைப்பேசிதோறும் ஓடின. அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை முறையாகத் தரப்பட்டதா என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் வாரக்கணக்கில் வாதிட்டன. கடல் சூடாகச் சூடாகப் புயல்கள் மேலும் மேலும் மழையைச் சுமந்து வரும் என்று காலநிலை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். உலக நெருக்கடி என்று நாம் மேடையில் பேசுவது ஒரு சந்து வழியாக ஊருக்குள் வருகிறது. ஃபெஞ்சலுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அது கொரோனா நோயாக வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி கிரிவலமே நின்றுபோனது. இப்படி வரும்போதெல்லாம் உதவிக்கு முதலில் ஓடுகிறவர்கள் யார், அவர்கள் எந்த நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே இங்கே கேள்வி.

தமிழில் இன்று ‘சமூகப் பணி’ எதை வேண்டுமானாலும் குறிக்கும். தலைவரின் பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தவரும் சுவரொட்டியில் சமூகப் பணியாளர்தான். ஆனால் அது ஒரு படிப்பும் தொழிலும்கூட. இந்தியாவில் 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய கல்லூரியும், சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியும் அந்தத் தொழிலுக்கு ஆள் தயாரித்தன. சமூகப் பணியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் ஏற்றுக்கொண்ட அறநெறி அறிக்கையில் ஒன்பது கோட்பாடுகள் உள்ளன. மனித மாண்பு, மனித உரிமை, சமூக நீதி என்று எதிர்பார்க்கக்கூடியவையோடு, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை, முடிவெடுப்பதில் பங்கேற்கும் உரிமை, அந்தரங்கத்தைக் காத்தல் ஆகியவையும் இருக்கின்றன. தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் அறத்தோடு பயன்படுத்துவதும் அதில் ஒரு தனிக் கோட்பாடு. சாதாரண நாளில் யாரும் இவற்றை மறுப்பதில்லை. பேரிடர் வந்த மறுநிமிடம், ‘இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சோறு’ என்கிறோம். இந்த வரிசைதான் தவறு. பாதிக்கப்பட்டவரைக் கேட்பதும் அவர் மானத்தைக் காப்பதும் நிவாரணத்துக்குப் பிறகு வரும் மரியாதை என்று நினைப்பதால்தான் நிவாரணமே பல இடங்களில் பாழாகிறது. கடந்த 150 ஆண்டுகளில் இந்த மண்ணில் நடந்தவையே இதற்குச் சாட்சி.

திருவண்ணாமலை அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்து உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அப்போது செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைத்தளத்தில் மண் சுமப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். இதே டெம்பிள் 1874இல் பிகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துப் பெரும் சாவைத் தடுத்தவர். அதற்காக ஊதாரி என்று திட்டு வாங்கியவர். இம்முறை அந்தப் பழியைத் துடைக்க வந்தார் என்று நினைக்க இடமுண்டு. அவரை எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். ஒரு பவுண்டு தானியத்தில் உழைக்கும் உடல் தாங்காது, ஒன்றரைப் பவுண்டும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மருத்துவக் கணக்கோடு மேலிடத்திடம் வாதிட்டார். 1877 மார்ச்சில் மாகாண அரசு அவர் பக்கம் பாதி தூரம் இறங்கி வந்து, தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக்கிக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அந்தக் கால் பவுண்டு யார் யாரைக் காப்பாற்றியது என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் நெருக்கடிக் காலத்தில் தொழில் அறம் என்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்தக் கால் பவுண்டைக் காட்டலாம். விதி இப்படிச் சொல்கிறது, ஆனால் என் முன்னால் இருக்கும் உடல் வேறு சொல்கிறது, நான் உடலின் பக்கம் என்று எழுத்தில் பதிவு செய்வது.

கார்னிஷ் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2020இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்சொன்ன பன்னாட்டுக் கூட்டமைப்போடு சேர்ந்து, 54 நாடுகளைச் சேர்ந்த 607 சமூகப் பணியாளர்களிடம் கொரோனா கால அறச் சிக்கல்களைக் கேட்டார்கள். போன் வழியாகவும் முகக்கவசத்துக்குள்ளிருந்தும் நம்பிக்கையை எப்படிக் காப்பது, எல்லோருக்கும் தர முடியாதபோது யாருக்கு முதலில் தருவது என்பவற்றோடு, அலுவலக உத்தரவைப் பின்பற்றுவதா தன் மனசாட்சியையும் தொழில் அறிவையும் பின்பற்றுவதா என்பதும் மீண்டும் மீண்டும் எழுந்த சிக்கலாக இருந்தது. நம் மாநிலத்திலும் அந்தச் சிக்கல் வெளிப்படையாகவே வந்தது. 2020 ஏப்ரல் 12 அன்று, தன்னார்வலர்களும் கட்சிகளும் உணவுப் பொருள்களை மக்களுக்கு நேரடியாக வழங்கக் கூடாது, நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்ற காரணம் பொய்யில்லை. எதிர்ப்பு எழுந்து, வழக்காகி, அதிகாரிகளுக்கு முன்தகவல் தந்து கட்டுப்பாடுகளோடு வழங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வழி விட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த நாள்களின் விவாதம் முழுவதும் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதைச் சுற்றியே ஓடியது. வாங்குபவருக்கு என்ன வேண்டும், எங்கே வேண்டும், யார் கையிலிருந்து வாங்க அவர் கூசுகிறார் என்பது யாருடைய மனுவிலும் தலைப்பாகவில்லை.

இந்த நெறிகளெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, அன்னதானம் செய்யும் மண்ணுக்கு அறம் கற்றுத்தர வேண்டியதில்லை என்று ஒரு மறுப்பு உடனே வரும். பாதி உண்மை. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் வடலூரில், பஞ்ச காலத்தை ஒட்டி 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டது அந்தச் சாலை. ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, வாங்குபவன் யோக்கியனா என்று விசாரணை நடத்தும் ஊர் வழக்கத்துக்கு அது கொடுத்த அடி, எந்தப் பன்னாட்டு அறிக்கை கொடுத்ததையும்விடப் பலமானது. திருவள்ளுவரும் கொடுப்பவருக்கு ஈகை என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு நின்றுவிடவில்லை. இரவு, இரவச்சம் என்று கேட்பவர் பக்கத்திலிருந்து இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். கை நீட்டுகிறவரின் கூச்சம் நமக்கு இறக்குமதிப் பொருள் இல்லை. மறுப்பின் மற்றப் பாதிதான் இடறுகிறது. அன்னதானத்தில் புண்ணியக் கணக்கு கொடுப்பவர் பெயரில் ஏறுகிறது. எப்போது, எவ்வளவு, எந்தச் சோறு என்று முடிவு செய்பவரும் அவரே. திருவிழாவில் அது பரவாயில்லை, வேண்டாதவர் நகர்ந்து அடுத்த பந்தலுக்குப் போவார். ஊரடங்கில் கிரிவலப் பாதையில் யாருமில்லாமல், சாதுக்களும் பிச்சை எடுத்துப் பிழைப்பவர்களும் கற்பூரமும் பூவும் விற்றவர்களும் வருகிற ஒரு வண்டியை நம்பி இருந்தபோது, நகர்ந்து போக அடுத்த பந்தல் இல்லை. வேறு வழி இல்லாதவருக்குக் கொடுக்கும்போதுதான் கொடுப்பவருக்குக் கடிவாளம் தேவைப்படுகிறது.

கேட்காமல் கொடுத்ததன் விலையை நாம் 2004 சுனாமியில் பார்த்தோம். நாகப்பட்டினத்தின் சாலை ஓரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கின. லாரி லாரியாக அனுப்பியவர்களின் நல்ல மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவர் உடுத்திக் கழித்ததை உடுத்தும் நிலை கடற்கரை ஊர்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை என்பதை அவர்களில் யாரும் விசாரிக்கவில்லை. அடுத்து வந்தது படகு. படத்தில் அழகாக விழும், நன்கொடையாளர் பெயரைப் பக்கவாட்டில் எழுதலாம். ஃபைபர் படகுகள் பல இடங்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமாகின. படகே இல்லாமல் மீன் கூடை சுமந்து விற்ற பெண்களும், உப்பு ஏறிய வயலில் கூலி இழந்த தலித் தொழிலாளர்களும், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்களும் பட்டியலுக்குள் வரவே போராட வேண்டியிருந்தது. இதிலிருந்து பாடம் கற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். எந்த ஊருக்கு என்ன தேவை என்று தகவல் சேர்த்து, மாவட்ட நிர்வாகத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இடையில் நின்று ஒழுங்குபடுத்த ஓர் ஒருங்கிணைப்பு மையம் நாகையில் சில வாரங்களிலேயே அமைந்தது. அதன் முக்கியமான கருவி கேள்விதான்.

அவசரத்தில் கேட்க நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. மண்ணுக்குள் கிடப்பவரிடம் சம்மதம் கேட்கச் சொல்லி யாரும் வாதிடவில்லை. தோண்டுகிறவர் தோண்டட்டும். ஆனால் அவசரம் என்ற பெயரில் நாம் செய்பவற்றில் பெரும்பகுதிக்கும் அவசரத்துக்கும் சம்பந்தமில்லை. கொரோனா காலத்தில் சென்னையில் வீட்டு வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். நோய் பரவாமல் இருக்க என்று ஒட்டியது, அந்த வீட்டுக்குப் பால்காரர் வராமலும் வீட்டுக்காரர் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லவும் காரணமானது. அப்படி ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் தீண்டத்தகாதவர்கள்போல் நடத்தப்படுவதை உச்ச நீதிமன்றமே கவனித்துச் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டாலன்றி ஒட்டத் தேவையில்லை என்று 2020 டிசம்பர் 9 அன்று தீர்ப்பும் வந்தது. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவிய 2020 மே மாதத்தில் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கிராமங்களுக்குத் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் எல்லோருக்கும் ‘கோயம்பேட்டுக்காரர்’ என்று ஒரே பட்டம். பட்டத்துக்குப் பயந்தவர் அறிகுறியை மறைப்பார். அவமானம் நோயைக் கட்டுப்படுத்தவில்லை, ஒளித்துவைத்தது. அந்தரங்கம் காப்பதை நோய்த் தடுப்பின் எதிரியாக நினைத்தவர்கள் கணக்கில் இந்தச் செலவு ஏறவே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமையாகிறது. 2021இல் பெற்றோர் இருவரையும் கொரோனாவுக்கு இழந்த குழந்தைகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத் தொகை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே வாரங்களில், ‘பச்சிளம் குழந்தை, பெற்றோர் இல்லை, தத்தெடுக்க அழைக்கவும்’ என்ற வாட்ஸ்அப் செய்திகள் நாடு முழுவதும் பரவின. பகிர்ந்தவர்களில் பலர் உண்மையிலேயே கண்ணீரோடு பகிர்ந்தவர்கள்தான். சட்டவிரோதத் தத்தில் ஈடுபடுவோர் மீதும், குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட்டு நிதி திரட்டுவோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த மாத இறுதியில் மதுரையில் ஒரு காப்பகத்தின் மேல் வழக்கு வந்தது. ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்து புதைக்கப்பட்டதாகப் போலி ஆவணம் காட்டிவிட்டு, அதை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. உயிரோடு இருந்த குழந்தையைக் காவல்துறை மீட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிவாரண மேடையில் குழந்தையை நிறுத்திக் காசோலையோடு படமெடுப்பவர்கள் இந்தப் பிரிவைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகமே. ரகசியம் காப்பது எவ்வளவு கூர்மையான விஷயம் என்பது கிராமத்தில் சிறார் திருமணத்தைத் தடுக்கப் போகும் களப்பணியாளருக்குத் தெரியும். பந்தலில் அவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி மணமகளின் வயதைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘யார் போட்டுக் கொடுத்தது?’ என்பதுதான். அந்தப் பெயர் வாய் தவறி வெளியே வந்தால், அந்த ஊரிலிருந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இனி ஓர் அழைப்பும் வராது.

படம் எடுக்காவிட்டால் பணம் எப்படி வரும், கணக்கு எப்படிக் காட்டுவது? தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் சலிப்போடு கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. சி.எஸ்.ஆர். நிதி தரும் கம்பெனிகள் இடக்குறியீட்டோடு படம் கேட்கின்றன; நன்கொடையாளரும் கேட்கிறார்; அரசும் கேட்கிறது. இந்தக் கேள்விக்கும் வயது ஒன்றரை நூற்றாண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த மக்களை வரிசையாக உட்காரவைத்து வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் காட்சியகங்களில் இருக்கின்றன. அவை உலகுக்குப் பஞ்சத்தைக் காட்டின, உண்மை. படத்தில் இருக்கும் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, எடுத்தவரின் பெயர் தெரியும். கொடூரத்தை உலகுக்குச் சொல்லும் பத்திரிகையாளரின் படத்தையும், ஐந்து கிலோ அரிசிப் பைக்கு ரசீதாக எடுக்கும் படத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்னதற்குச் சில நேரம் நியாயம் இருக்கும், அதற்கும் சம்மதம் கேட்கலாம். பின்னதற்கு நியாயமே இல்லை, ஏனென்றால் அது ரசீதாகக்கூடத் தேறவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளர்களின் படத்தைச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே படமெடுத்து ஏற்றுவதையும் பட்டியலிட்டது. முகம் காட்டச் சொன்னால் ஊழல் குறையும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது.

கணக்குக்கு வேறு வழிகள் இருக்கின்றன, பழைய வழிகள். கொள்முதல் ரசீது, இருப்புப் பதிவேடு, டோக்கனின் அடிக்கட்டை, ஊர்ப் பலகையில் எழுதிவைத்த எண்ணிக்கை, கிராம சபையில் வாசித்துக் காட்டும் சமூகத் தணிக்கை. கடைசியாகச் சொன்னது நூறு நாள் திட்டச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்கென ஒரு சங்கமும் இயங்குகிறது. படத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. படம் மேலே இருப்பவருக்குப் போகிறது. தணிக்கை, வாங்கியவரின் முன் நடக்கிறது. ‘எனக்கு வரவில்லை’ என்று எழுந்து சொல்ல அவருக்கு அங்கே வாய் இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கமும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்துக்கொண்ட நடத்தை நெறி, பணம் தருபவருக்கு எவ்வளவு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமோ அவ்வளவு உதவி பெறுபவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறது. விளம்பரத்தில் பாதிக்கப்பட்டோரை மாண்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நெறி எழுதியவர்களே தவறினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டியில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவன ஊழியர்கள் சிலர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியது 2018இல் வெளியே வந்து உலகமே காறித் துப்பியது. அங்கே நெறி இருந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் பயமின்றிப் போய்ப் புகார் சொல்ல வழி இல்லை.

இதற்கெல்லாம் ஒரு சட்டம் வேண்டாமா? மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல், தவறு செய்தால் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரமுள்ள மன்றம் சமூகப் பணியாளர்களுக்கு இந்தியாவில் இல்லை. 1990களில் எழுந்த முயற்சி சட்டமாகவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவமனை சார்ந்த சமூகப் பணியாளர்களைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. வெள்ளத்திலும் முகாமிலும் நிற்பவர்களுக்கு அது போதாது. மன்றம் வருவது நல்லது என்றே தோன்றுகிறது. ஆனால் அது வந்தால் சான்றிதழ் இல்லாத ஆட்டோ ஓட்டுநர் தன் வண்டியில் சோற்றுப் பொட்டலம் ஏற்றிப் போவதையும் தடுத்துவிடும் என்ற அச்சமும் வீண் அச்சமில்லை. அனுமதி வாங்கும் இடமெல்லாம் இங்கே என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களின் அச்சம் அது. எனவே உரிமம் தொழிலாகச் செய்பவர்களுக்கு, நெறி எல்லோருக்கும் என்று பிரித்துக்கொள்வதே சரி. இன்னொன்று, அறத்தைக் களப்பணியாளரின் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கக் காத்திருப்பவர், மேலதிகாரி கேட்ட படத்தை எடுக்க மாட்டேன் என்று சொன்னால் அடுத்த ஆண்டு வேலை இருக்காது. கார்னிஷுக்குப் பதவி இருந்தது, எதிர்த்து எழுதினார்.

மலைச் சரிவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இனி வரப்போகும் சோதனை அங்கேதான். 2024 டிசம்பர் 13 தீபத்துக்கு, நிலச்சரிவு நடந்த பன்னிரண்டே நாளில், வல்லுநர் குழுவை மலையேறச் செய்து ஆய்வறிக்கை வாங்கி, பக்தர்கள் மலையேறத் தடை விதித்தது அரசு. கொப்பரையையும் நெய்யையும் கொண்டுசெல்வோர் மட்டும் போனார்கள். தீபம் எரிந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரியான முடிவு, சரியான வேகம். மலையடிவாரத்தில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் விஷயம் அப்படிப் பன்னிரண்டு நாளில் முடியாது. ஆக்கிரமிப்பு என்ற ஒரு சொல்லால் முடித்துவிட நினைப்பவர்கள் உண்டு. அங்கே வாழ்கிறவர்களில் பலருக்குப் பிழைப்பு கோயிலையும் கிரிவலப் பாதையையும் சுற்றியது. பூ, கற்பூரம், இளநீர், ஆட்டோ, விடுதி வேலை. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையில் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, அடையாற்று வெள்ளத்திலிருந்து அவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலையை இழந்தார்கள், பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. பாறை விழும் இடத்தில் யாரும் வாழக் கூடாது என்பதில் இரண்டு பேச்சில்லை. எங்கே போவது, எப்போது போவது, பேருந்து எத்தனை மணிக்கு, பள்ளி எவ்வளவு தூரம் என்பதை அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதற்குத்தான் பங்கேற்பு உரிமை என்று அந்த ஒன்பது கோட்பாடுகளில் பெயர். அரசுக் கோப்பில் அவர்கள் ‘பயனாளிகள்’. பயன் என்ன என்று முடிவு செய்தது யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

பெரிய கொள்கைகள் வரும்போது வரட்டும். இந்த ஊரால் வரும் கார்த்திகைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அன்னதான அனுமதி விண்ணப்பமும் நிபந்தனைகளும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. அவற்றுக்குக் கட்டுப்படக் கொடுப்பவர்களும் பழகிவிட்டார்கள். பிளாஸ்டிக் கூடாது என்ற வரிக்கு அடுத்து, ‘வாங்குபவரின் முகம் தெரியும்படி படமெடுக்கவோ பகிரவோ கூடாது’ என்று ஒரு வரியை மாவட்ட ஆட்சியர் சேர்க்கலாம். அதே வரியை வெள்ள நிவாரணத்துக்கும் காப்பகங்களுக்கும் கொடுக்கும் அனுமதியில் சேர்க்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஓர் அலுவலக ஆணை போதும்.